அரை ஸ்பூன் உப்பு, ஆறு ஸ்பூன் சர்க்கரை

"ஏங்க… பார்த்து…!"

சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆவடி பிளாட்பாரத்தை விட்டு நகரத் தொடங்கியிருந்த எட்டு இருபது ரயிலில் ஓடிவந்து தொற்றியவன், லேடீஸ் பெட்டியில் இடமில்லாமல் அன்றைக்கு இங்கே ஏறியிருந்த வனஜாவின் தோள் மேல் நேராக மோதினான். அவள் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டில் நழுவி, கம்பியில் பட்டு, கீழே விழுந்து உடைந்தது. பெட்டி முழுக்கப் புளித்த வாடை. உள்ளேயிருந்து இரண்டு முட்டைகள் உருண்டன… ஒன்று அங்கேயே வெடித்தது. இன்னொன்று ரப்பர் பந்து மாதிரி ஒரு குதி குதித்து, கீரைக் கூடைக்காரியின் காலடியில் போய் நசுங்கியது.

"ஐயையோ!" என்றாள் வனஜா.

"சாரி மேடம்… சாரி, சாரி…" குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கியவன் சட்டென்று நிமிர்ந்தான். "மேடம்… இன்னா முட்டை இது? ஓடே இல்ல?"

வனஜா அவனை முறைத்தாள். வெளியே ஐப்பசித் தூறல். ஓடிவந்ததில் அவன் தலைமுடியெல்லாம் மழைத்துளி. அந்தத் துளிகளுக்குக் கீழே இரண்டு பெரிய கண்கள், திருடிவிட்டு மாட்டிக்கொண்ட குழந்தையின் கண்கள் மாதிரி…

'கண்ணைப் பார்க்காதே வனஜா. திட்டு.'

"ரெண்டு நாளா வினிகர்ல ஊற வெச்சு ஓட்டைக் கரைச்சேன். இன்னைக்கு முதல் பீரியடே பிளஸ் டூ பசங்களுக்குச் சவ்வூடு பரவல் காட்டணும். இப்ப நான் எதைக் காட்டுவேன்? உங்களையா?"

"சவ்வூ… இன்னாது?"

"சவ்வூடு பரவல்!"

"ஜவ்வு மிட்டாய் தெரியும். இது இன்னா புச்சா கீது?"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். வனஜா முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். திருமுல்லைவாயில் தாண்டும்வரை திரும்பவேயில்லை. ஆனால் அம்பத்தூரில் இறங்கும்போது பார்த்தாள். அந்தக் கண்ணாடித் துண்டுகள் முழுவதையும் தன் கைக்குட்டையில் பொறுக்கிக் கட்டி, யார் காலிலும் குத்தாமல் கையிலேயே வைத்திருந்தான் அவன். விரல் நுனியில் லேசாக ரத்தம்.

'இருக்கட்டும். நல்லா வேணும்' என்று நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

வனஜாவுக்கு இருபத்துநாலு வயது. அம்பத்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் டீச்சர். அப்பா ரகுநாதன் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, குவார்ட்டர்ஸில் குடியேறி இருபது வருஷமாகிறது. 'ஃபோர்மேன் வீட்டுப் பெண்' என்ற பேரைக் குடை மாதிரி எப்போதும் தலைக்கு மேல் பிடித்தபடி நடந்து பழகியவள் அவள்.

ஐந்தாம் நாள் காலை. அதே பிளாட்பாரம். அதே எட்டு இருபது.

"மேடம்…"

அவன்தான். கையில் ஒரு டிபன் டப்பா.

"எம் பேரு கஜபதி. முத்தாபுதுப்பேட்டை. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில லேத்து ஓட்றேன். உங்க முட்டையத் திருப்பிக் குடுக்கலாம்னு… ஆனா ஒரு தப்பு நடந்து போச்சி."

டப்பாவைத் திறந்தான். உள்ளே இரண்டு கிண்ணம். ஒன்றில் தண்ணீர், அதில் புடைத்துப் பெருத்து, மெல்லிய தோலுக்குள் மஞ்சள் கரு ததும்ப ஒரு முட்டை. இன்னொன்றில் கலங்கிய நீர். அதற்குள் சுருங்கி, தொளதொளத்து ஒரு முட்டை.

"ரெண்டும் ஒரே கோழி போட்டது மேடம். நீங்க சொன்னாப்லயே வினிகர் வாங்கி ஊறப் போட்டேன். அப்பால ஒண்ண தண்ணில வெச்சேன். இன்னொண்ணு கெட்டுப் போவாம இருக்கட்டுமேன்னு, எங்க அம்மா மாங்கா ஊறப் போடுதே… அந்த மாதிரி உப்புத் தண்ணில வெச்சேன். காத்தால பாத்தா ஒண்ணு ஊதிகினு கீது, ஒண்ணு கெழவியாட்டம் சுருங்கிகினு கீது. சத்தியமா நான் ஒண்ணும் பண்ல மேடம்!"

வனஜா அவனைப் பார்த்தாள். முட்டைகளைப் பார்த்தாள். சிரிப்பு… அடக்க அடக்கப் பொங்கி வந்தது.

"நீங்க கெடுக்கலீங்க. நான் பசங்களுக்குக் காட்ட நினைச்சதே இதைத்தான்!"

"அட!"

"முட்டை மேல இருக்கிறது சவ்வு. அது தண்ணியை உள்ளயும் வெளியயும் விடும், உப்பைச் சுலபமா விடாது. தண்ணிக்கு ஒரு குணம். எந்தப் பக்கம் உப்பு அதிகமோ அந்தப் பக்கம் போயிடும். இந்த முட்டைக்கு வெளியே உப்பு ஜாஸ்தி. அதனால உள்ள இருந்த தண்ணியெல்லாம் வெளிய வந்துடுச்சு… சுருங்கிடுச்சு. இது நல்ல தண்ணியில இருந்துது. தண்ணி உள்ள போச்சு… ஊதிடுச்சு."

"நம்ப உடம்புக்குள்ளயும் இப்டித்தானா?"

"உடம்புல கோடி கோடியா செல் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் இது மாதிரி, இதைவிட மெல்லிசா ஒரு சவ்வு. எதை உள்ள விடணும், எதை விடக்கூடாதுன்னு அதுதான் பார்த்துக்கும்."

கஜபதி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் ஸ்கூல்ல படிக்கசொல்ல யாரும் இத்த காட்டல மேடம். மனப்பாடம் பண்ணுன்னாங்கோ. பண்ல. பெயிலு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். வெட்கமே இல்லாத, மறைக்க ஒன்றுமில்லாத சிரிப்பு. வனஜா ஏனோ அந்தச் சிரிப்பை எதிர்கொள்ள முடியாமல் தண்டவாளத்தைப் பார்த்தாள்.

அன்றைக்கு முதல் பீரியடில் அந்த இரண்டு முட்டைகளையும் சுற்றி நாற்பது பேர் மொய்த்தார்கள். "யார் மிஸ் ரெடி பண்ணது?" என்று கேட்டாள் ஒரு பெண். "ஒருத்தர்…" என்றாள் வனஜா. சொல்லும்போது காது சூடானது.

அதன்பிறகு எட்டு இருபதுக்கு வனஜா லேடீஸ் பெட்டியை மறந்துபோனாள். யாராவது கேட்டால் 'ஓடிவந்து ஏறினதுல கிடைச்ச பெட்டி' என்று சொல்லத் தயாராக இருந்தாள். யாரும் கேட்கவில்லை.

ஆவடியிலிருந்து அம்பத்தூர் கால் மணி நேரம் கூட இல்லை. அதற்குள் எவ்வளவு பேசுவான்! லேத்தில் பித்தளை சீவினால் தங்கச் சுருள் மாதிரி வரும் என்பான். அப்பா இல்லாத தன்னை அம்மா முனியம்மா வளர்த்த கதையைச் சொல்வான். ஊர் நிலமெல்லாம் பிளாட்டாக மாறும்வரை அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவள். இப்போது எஸ்டேட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடுகிறாள். "ரெண்டு முட்டைய பாழாக்கினியேடா பாவின்னு கரண்டிய தூக்கிகினு தெருக்கோடி வரைக்கும் தொரத்திச்சி டீச்சர்!" எப்போது 'மேடம்' போய் 'டீச்சர்' ஆனது என்று இருவருக்குமே தெரியாது.

நடுநடுவே கேள்வி வரும். பிளஸ் டூவில் எவனும் கேட்காத கேள்வி.

"டீச்சர், பேதி ஆனா ஆஸ்பத்திரில ஒரு பொட்டலம் தர்றாங்கோளே… தண்ணில கலக்கிக் குடிக்க. அதுல உப்பு சரி. சக்கர எதுக்கு? ருசிக்கா?"

வனஜாவின் கண்கள் பளிச்சிட்டன. "ருசிக்கு இல்ல. குடல் உள்பக்கம் பூராவும் செல்லுதான். அந்தச் செல்லோட சவ்வுல சின்னச் சின்னக் கதவு இருக்கு. பேதி வரும்போது உப்பு உள்ள போற மத்த வழியெல்லாம் சரியா வேலை செய்யாது. ஒரே ஒரு கதவு மட்டும் வேலை செய்யும். அதுக்கு ஒரு கண்டிஷன் உண்டு…"

"இன்னா கண்டிஷன்?"

"உப்பு தனியா வந்தா தொறக்காது. சர்க்கரை தனியா வந்தாலும் தொறக்காது. ரெண்டும் சேர்ந்து வந்தாத்தான் தொறக்கும். அதுங்க உள்ள போனதும் தண்ணி பின்னாடியே போயிடும். உசிரும் பொழைச்சிடும்."

கஜபதி யோசித்தான். "ஜோடியா வந்தாத்தான் டிக்கெட்டு… அப்டித்தான டீச்சர்?"

வனஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கதவுக்கு வெளியே அண்ணனூர் மழையில் கரைந்துகொண்டிருந்தது. சாரல் முகத்தில் அடித்தும் அவள் கதவை விட்டு நகரவில்லை… முகம் அத்தனை சூடாக இருந்தது.

எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறு வாரம் செவ்வாய்க்கிழமை. அம்பத்தூரில் இறங்கி இருவரும் படிக்கட்டு வரை சேர்ந்தே வந்தார்கள். அவன் ஏதோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன வனஜா, சிரிப்பு பலமா இருக்கு?"

எதிரே கணக்கு டீச்சர் வசந்தா. பள்ளிக்கூடத்தின் வானொலி. இங்கே எட்டரைக்குப் பார்த்தது ஒன்பது மணிக்கு ஸ்டாஃப் ரூமில் ஒலிபரப்பாகிவிடும்.

கஜபதி மரியாதையாக இரண்டடி பின்னால் நின்றான். வசந்தாவின் பார்வை அவன் கிரீஸ் படிந்த நகங்களில் இறங்கி, ரப்பர் செருப்பில் நின்றது.

"யாரு இது?"

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் வனஜாவின் மனதில் அப்பா வந்தார், குவார்ட்டர்ஸ் வந்தது, ஸ்டாஃப் ரூம் வந்தது…

"அது… யாரோ ஒர்க் ஷாப் ஆளு டீச்சர். லேபுக்கு முட்டை கொண்டுவந்து தருவாரு."

சொன்ன உடனே நாக்கைக் கடித்தாள். திரும்பிப் பார்த்தாள்.

கஜபதியின் முகத்தில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பெரிய கண்கள் ஒருமுறை அவளைப் பார்த்தன… பிறகு தன் கைகளைப் பார்த்தன. "வர்றேன் மேடம்" என்றான்.

மேடம்!

மறுநாள் எட்டு இருபதில் அவன் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வனஜா ஒவ்வொரு பெட்டியாகத் தேடினாள். பதினாறு நாள். 'முத்தாபுதுப்பேட்டைக்குப் போய் மன்னிப்புக் கேட்டால் என்ன?' என்று தினமும் நினைத்தாள். 'போய் யாருன்னு சொல்லிக்குவே?' என்று மனசு திருப்பிக் கேட்டது. அவனும் அதே மாதிரி எங்கோ முறுக்கிக்கொண்டு திரிந்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

அதற்குள் கார்த்திகை பிறந்து மழை கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பிக் கால்வாய் உடைந்து, ஆவடியைச் சுற்றித் தாழ்ந்த இடமெல்லாம் தண்ணீர். கிணற்றுக்குள் சாக்கடை புகுந்த தெருக்களில் வீட்டுக்கு ஒருவர் வாந்திபேதியில் படுத்தார்கள்.

வீட்டில் அப்பா வேறு செய்தி வைத்திருந்தார். "திருநின்றவூர்க்காரங்க ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வாராங்க. பையன் பேங்குல இருக்கான்."

வனஜா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகை. சமையலறையில் அம்மா சொர்ணம் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். வாசலில் யாரோ கேட்டைத் தட்டும் சத்தம்.

ஜன்னல் வழியே பார்த்த வனஜா வாசலுக்கு ஓடினாள்.

கஜபதி. தலையிலிருந்து கால்வரை சேறு. கையில் சைக்கிள். ஃபோர்மேன் வீடு எது என்று குவார்ட்டர்ஸில் விசாரித்து வந்திருக்க வேண்டும். கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன.

"டீச்சர்… எங்க அம்மா…" குரல் உடைந்தது. "நேத்து சாய்ங்காலத்துலர்ந்து நிக்காம போவுது டீச்சர். ரோட்ல இடுப்பளவு தண்ணி, ஒரு வண்டியும் வர மாட்டேங்குது. நீங்க சொன்னீங்களே, உப்பும் சக்கரையும்… அத்த கலக்கிக் குடுத்தேன். இன்னும் மோசமாயிடுச்சி. வாந்தி. கைகாலு இழுக்குது. நாக்கு கட்டையாட்டம் காஞ்சி போச்சி…"

"எவ்வளவு உப்பு போட்டீங்க?"

"ஒரு சொம்புக்கு ஒரு கை. சக்கர வூட்ல கொஞ்சூண்டுதான் இருந்திச்சி…"

"ஒரு கை உப்பா?" வனஜாவின் முகம் வெளுத்தது. "கஜபதி… அந்த உப்புத் தண்ணி முட்டை! உப்பு அதிகமானா உடம்புல இருக்கிற தண்ணியையும் அது வெளிய இழுத்துடும்!"

அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் புரிதலை அவன் முகத்தில் பார்க்கச் சகிக்கவில்லை. "எங்கம்மாவ… நானே…"

"இல்ல! அளவு சொல்லாம விட்டது நான். நீங்க கேட்க வர முடியாதபடி பண்ணினதும் நான்தான்." அவள் செருப்பை மாட்டினாள். "வாங்க."

"எங்க கிளம்பிட்டே?" வாசற்படியில் ரகுநாதன். "பதினோரு மணிக்கு அவங்க வாராங்க. ஊர்ல டாக்டரே இல்லையா? நீ டீச்சர்தானே?"

"டாக்டர்கிட்ட போக வழியில்லப்பா. அதுவரைக்கும் தாங்கணும்."

"இப்ப நீ படி இறங்கினா எனக்கு என்ன மரியாதை இருக்கும்?"

வனஜா நின்றாள். அப்பாவின் முன்னால் குரல் உயர்த்தி அவளுக்குப் பழக்கமில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. "நான் போகாம அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா, இந்தப் பட்டைக் கட்டிக்கிட்டு யார் முன்னாடியும் வந்து நிக்க என்னால முடியாதுப்பா."

அதற்குள் சொர்ணம் உள்ளிருந்து வந்தாள். கணவனைப் பார்க்காமல் மகள் கையில் ஒரு துணிப்பையைத் திணித்தாள். கேசரிக்கு வாங்கிய சர்க்கரையில் மீதி, உப்பு, ஒரு டீஸ்பூன், கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு பாட்டில். "போ. சீக்கிரம்" என்றாள் மெல்ல.

"முத்தாபுதுப்பேட்டைம்மா" என்று சொல்லிவிட்டு, அரக்குப் பட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வனஜா சைக்கிள் கேரியரில் ஏறினாள். பாதி தூரம் சைக்கிள். மீதி தூரம் தண்ணீரில் நடை. அவன் ஒரு கையால் சைக்கிளைத் தூக்கிப் பிடித்து, மறு கையை அவளுக்கு நீட்டினான். அந்தக் கையின் சொரசொரப்பு… வனஜா யோசிக்காமல் பற்றிக்கொண்டாள்.

மேட்டில் இருந்ததால் அந்த ஓட்டு வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. பாயில் முனியம்மா. கண்கள் குழிக்குள் போயிருந்தன. வனஜா அவள் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளிய இடம் மடிப்பாகவே நின்றது.

"ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டி. ஆறு டீஸ்பூன் சர்க்கரை. அதையும் தலை தட்டித்தான்" என்று சொல்லிக்கொண்டே கலக்கினாள். "கண்ணீரை விட உப்பு கரிக்கக் கூடாது. எப்பவும் ருசி பார்த்துட்டுத்தான் குடுக்கணும்."

முதல் ஸ்பூனுக்கே முனியம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"வோணாம்… தண்ணி குட்ச்சா இன்னும் போவும்…"

"குடிக்கலைன்னா உள்ள ஒண்ணுமே இருக்காதும்மா."

"அந்த உப்புத் தண்ணியத்தான் காத்தால குட்ச்சேனே… எம் புள்ள குட்த்தான்… கொடலே வெளிய வந்துட்ச்சி…"

கஜபதி சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அது அவர் தப்பு இல்லம்மா, என் தப்பு" என்றாள் வனஜா. முனியம்மாவின் தலையைத் தூக்கித் தன் பட்டு மடியில் வைத்துக்கொண்டாள். "இது வேற. ஒரே ஒரு ஸ்பூன். எனக்காக."

முனியம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். மல்லிகை, பட்டு, நெற்றிச்சுட்டி… "யாரு கண்ணு நீ? கல்யாணப் பொண்ணாட்டம் கீறே?"

"முட்டை டீச்சர்மா" என்றான் கஜபதி.

"ஓ… எங்கூட்டு முட்டையக் கெட்த்தது நீதானா?" அந்த நிலையிலும் முனியம்மாவின் உதடு லேசாகக் கோணியது. வாய் திறந்தது.

ஒரு ஸ்பூன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஸ்பூன். வாந்தி எடுத்தாள். பத்து நிமிஷம் காத்திருந்து மறுபடி முதல் ஸ்பூன். பதினோரு மணி… பன்னிரண்டு… "சாயங்காலத்துக்குள்ள நீர் பிரியலைன்னா, கட்டில்ல வெச்சுத் தூக்கிக்கிட்டாவது ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்" என்றாள் வனஜா. தெருவில் நாலு பேரைக் கஜபதி தயாராக வைத்திருந்தான். பாட்டில் தீர்ந்ததும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்ற வைத்துத் தண்ணீர் கொதிக்க வைத்தான். அவன் அளந்தான், அவள் சரிபார்த்தாள். மூன்றாவது தடவை அவள் சரிபார்க்கவேயில்லை.

ஒரு மணி இருக்கும். வாசலில் நிழல் விழுந்தது.

குடையோடு ரகுநாதன். வேட்டி முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, கால் முழுக்கச் சேறு.

"அவங்க வந்து ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போயிட்டாங்க" என்றார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "கிளம்பு."

வனஜா எதுவும் சொல்வதற்குள் முனியம்மாவுக்குக் குமட்டியது. சட்டி கைக்கு எட்டவில்லை. கஜபதி யோசிக்கவே இல்லை… இரண்டு கையையும் குவித்து அம்மாவின் வாயருகே ஏந்தினான். "எட்த்துடும்மா… ஒண்ணும் இல்ல… எட்த்துடு…" வெளியே போய்க் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, துண்டால் அவள் முகத்தைத் துடைத்தான். பிறகுதான் வாசலில் ஆள் நிற்பதே அவன் கண்ணில் பட்டது.

"உள்ள வாங்க சார்…"

ரகுநாதன் வரவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் ஒரு லிட்டராவது போகணும்ப்பா" என்றாள் வனஜா.

அவர் குடையை விரித்தார். போகவில்லை. எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் போய் நின்றார்.

ஸ்பூன் ஏறி இறங்கியது. வாந்தி நின்றது. முனியம்மா தானே டம்ளரைப் பிடிக்கக் கை நீட்டினாள். மூன்று மணி சுமாருக்கு அவள் வனஜாவின் கையைச் சுரண்டினாள்.

"கண்ணு… வெக்கமா கீது… ஒண்ணுக்கு வருது."

"வருதா? நிஜமாவா?"

வனஜா 'ஓ'வென்று அழுதுவிட்டாள். ஏன் அழுகிறாள் என்று புரியாமல் முனியம்மா திகைக்க, புரிந்த கஜபதி கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவனும் அழுதான். ஒண்ணுக்கு வந்ததற்கு இரண்டு பேர் அழுத வீடு, அன்றைக்கு அந்த ஊரில் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

நாலு மணிக்கு வனஜா எழுந்தாள். பட்டெல்லாம் சேறும் வாந்தியும். பூ எங்கோ விழுந்திருந்தது. "ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு டம்ளர். ராத்திரி கஞ்சி. நாளைக்குத் தண்ணி வடிஞ்சதும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றாள். கஜபதி தலையாட்டினான்.

அப்பாவும் மகளும் தெருமுனை வரை ஒரே குடையில் நடந்தார்கள். குடை மேல் மழை மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

"யாரும்மா அந்தப் பையன்?" என்றார் ரகுநாதன்.

இந்தத் தடவை ஒரு நொடிகூட ஆகவில்லை.

"நான் கல்யாணம் பண்ணிக்க ஆசைப்படறவர்ப்பா."

ரகுநாதன் நின்றுவிட்டார். "எங்க ஆத்தா ஊர்ல இப்படித்தான் பேதியில கிடந்து செத்துப்போனா. லீவு கிடைக்கலேன்னு நான் தந்தி குடுத்தேன். உண்மையில நான் லீவே கேக்கல… போனா அசிங்கத்தை அள்ளணுமேன்னு பயம்." தொண்டையைச் செருமினார். "நான் சரின்னு சொல்லல, பாத்துக்க. பேசுறதுக்கு நிறைய இருக்கு. நம்ம சனம் என்ன சொல்லும், அவங்க சனம் என்ன சொல்லும்… எல்லாம் இருக்கு. அவனுக்குத் தெரியுமா இது?"

"இல்லப்பா. இன்னும் சொல்லல."

"சொல்லலியா? என்கிட்டதான் முதல்ல சொல்றியா?" அவர் மீசை லேசாக அசைந்தது. "கிறுக்கு. போ… போய்ச் சொல்லிட்டு வா. நான் இங்கன நிக்கிறேன்."

வனஜா திரும்பி ஓடினாள். கணுக்கால் தண்ணீரை எற்றிக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி.

கஜபதி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். "இன்னா டீச்சர், எதுனா வுட்டுட்டீங்களா?"

"ஆமா. ஒண்ணு சொல்ல விட்டுட்டேன்." மூச்சு வாங்கியது. "அன்னைக்கு வசந்தா டீச்சர்கிட்ட உங்களை யாரோன்னு சொன்னேன். கோழைத்தனம் அது. பதினாறு நாளா எனக்குத் தூக்கமில்ல. உங்களைத்தான் கல்யாணம் பண்ணிக்கணும்னு எனக்கு ஆசை. அப்பாகிட்ட இப்பத்தான் சொன்னேன்… உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். வரிசை மாறிடுச்சு. கோச்சுக்காதீங்க…"

கஜபதியின் கையிலிருந்த டம்ளர் தண்ணீரில் விழுந்து மிதந்து போனது. அவன் அதை எடுக்கவில்லை. அந்தப் பெரிய கண்கள் இமைக்கவும் மறந்திருந்தன.

"ஏண்டா, வாய்ல இன்னா வெச்சிகினு கீறே?" உள்ளேயிருந்து முனியம்மாவின் குரல், மெலிந்துதான் வந்தது, ஆனாலும் அதட்டல் குறையவில்லை. "பதிலு சொல்றா! அந்தப் பொண்ணு எம்மா நேரம் தண்ணில நிக்கும்?"

"நான் பதினாறு நாளும் பஸ்ல போனேன்" என்றான் கஜபதி, மெல்ல. "அந்தப் பஸ்ஸு ஸ்டேஷனாண்ட திரும்பும். அங்க வரசொல்ல கண்ண மூடிக்குவேன். தொறந்தா எறங்கிடுவேன்னு பயம்… உங்கள வுட்டுட்டு இருக்க முடியாதுன்னு எனக்கு மொத நாளே தெரியும். கைல இந்தக் கிரீஸ வெச்சிகினு எப்டிச் சொல்றது… அதான்…" நிறுத்தினான். மழை முகத்தில் வழிந்தது. "நாளைக்கு எட்டு இருவதுக்கு வர்றேன்… வனஜா."

அவன் வாயில் அவள் பெயர் வருவது அதுதான் முதல் தடவை.

வனஜா சிரித்தாள்… அழுதாள்… இரண்டையும் சேர்த்தே செய்தாள். தெருமுனையில் ரகுநாதன் குடையை நன்றாகச் சாய்த்துப் பிடித்து, வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.